நாள் தெரியாமல் இருப்பது நல்லதா?

நீர்ச்சுழி எழுதியது:

சாவு எல்லோருக்கும் உண்டு என்பதை அறியாதவர் யாரும் இல்லை. ஆனால் அந்த அறிவு நம்மை ஒரு வேலையும் செய்ய வைப்பதில்லை. எப்போது என்று தெரியாததுதான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகள் என்னுடன் ஒரே அறையில் வேலை பார்த்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் இறந்துபோனார். ஐம்பதைத் தொடாத வயது. நோய் நொடி என்று படுத்தவரல்ல. வெள்ளிக்கிழமை மாலை எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: "மீதியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை." வாரந்தோறும் நடக்கும் கூட்டத்துக்கு அவர் பெயரில் போட்டு வைத்திருந்த நினைவூட்டல் அதன் பிறகும் எங்கள் திரைகளில் வந்துகொண்டே இருந்தது. நீக்குவதற்கு யாருக்கும் கை வரவில்லை.

அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டாரா?

எனவே என் கேள்வி இதுதான். இறக்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் நாம் இன்னும் நன்றாக வாழ்வோமா? நான் தெரிந்துகொள்ளவே விரும்புவேன். நீங்கள்?


கணக்கர் எழுதியது:

உங்கள் நண்பருக்காக வருந்துகிறேன், நீர்ச்சுழி. ஆயுள் காப்பீட்டில் இறப்பு விகிதம் கணக்கிடுவதுதான் ஓய்வு பெறும்வரை என் தொழில். ஒரு லட்சம் பேரைக் காட்டி, அடுத்த ஆண்டு இவர்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கேட்டால் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவோம். அதே கூட்டத்தில் ஒருவரைக் காட்டி, இவர் இருப்பாரா என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது.

இந்தக் கணக்குக்கு வயது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல். 1662இல் ஜான் கிராண்ட் என்ற லண்டன் வணிகர், நகரத்தில் வாரந்தோறும் அச்சிட்டு வந்த இறப்புப் பட்டியல்களை அடுக்கி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பிறக்கும் நூறு குழந்தைகளில் முப்பத்தாறு பேர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள் என்பது அவருடைய மதிப்பீடு. 1693இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து இன்னும் நேர்த்தியான ஆயுள் அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். 1825இல் பெஞ்சமின் கொம்பர்ட்ஸ் ஒரு விதியைக் கண்டார். வளர்ந்த மனிதருக்கு இறக்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது. இன்றைய தரவுகளில் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. முப்பது வயதுக்கும் எழுபது வயதுக்கும் இடையில் ஐந்து முறை இரட்டித்தால் ஏறக்குறைய முப்பது மடங்கு.

இவ்வளவு ஒழுங்கு கூட்டத்துக்கு மட்டும்தான். உலக சராசரி ஆயுள் இப்போது சுமார் எழுபத்து மூன்று. அதைக் கேட்டதும் பலரும் தமக்கு எழுபத்து மூன்று ஆண்டுகள் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது வாக்குறுதி அல்ல. பழைய காலத்தில் சராசரி முப்பதை ஒட்டி இருந்தது என்றால் எல்லோரும் முப்பதில் இறந்தார்கள் என்று பொருளும் அல்ல. குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அப்படிச் சரிந்தது. பிழைத்து வளர்ந்தவர்களில் அறுபதையும் எழுபதையும் கண்டவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

ஓர் உண்மை நிகழ்வு. பிரான்சில் ஜான் கால்மான் என்ற பெண்மணி 1965இல், தொண்ணூறு வயதில், தன் வீட்டை ஒரு வழக்கறிஞருக்கு விற்றார். தான் இருக்கும்வரை மாதந்தோறும் ஒரு தொகை தர வேண்டும், தான் இறந்தபின் வீடு அவருக்கு என்பது ஒப்பந்தம். வாங்கியவருக்கு நாற்பத்தேழு வயது. அட்டவணைப்படி பார்த்தால் அவர் செய்தது மிக நியாயமான முடிவு. நானும் அதற்கு ஒப்புதல் கொடுத்திருப்பேன். முப்பது ஆண்டுகள் பணம் கட்டிவிட்டு, அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருக்காமல், 1995இல் அவர் இறந்தார். பிறகு அவருடைய மனைவி கட்டினார். கால்மான் அம்மையார் 1997இல் 122 வயதில் காலமானார்.


விதைநெல் எழுதியது:

நீர்ச்சுழி, நீங்கள் கற்பனையாகக் கேட்கும் கேள்வி சிலருக்கு நிஜமாகவே வந்திருக்கிறது. நான் உயிரியல் கற்பிப்பவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஹண்டிங்டன் என்று ஒரு மூளை நோய் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில் தொடங்கும். கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் அசையும், பிறகு நினைவும் குணமும் மாறும். குணப்படுத்த மருந்து இல்லை. இதற்குக் காரணமான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது முதல் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், உங்களுக்கு வருமா வராதா என்று சொல்லிவிடலாம். எந்த வயதில் தொடங்கும் என்பதைக்கூடத் தோராயமாகக் கணிக்கலாம்.

பரிசோதனை வருவதற்கு முன் கேட்டபோது அந்தக் குடும்பங்களில் பலரும் "நிச்சயம் செய்துகொள்வோம்" என்றார்கள். வந்த பிறகு பெரும்பாலானோர் செய்துகொள்ளவில்லை. இன்றுவரை அதுதான் நிலை.

அந்த மரபணுவைத் தேடிய பெரும் முயற்சியை முன்னின்று நடத்தியவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாய் அதே நோயால் இறந்தவர். பரிசோதனைக்கு வழி திறந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனாலும் தான் செய்துகொண்டாரா என்பதைப் பல ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. தனக்கும் அந்த நோய் இருக்கிறது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னது 2020இல்.

மேசையில் அமர்ந்து "தெரிந்துகொள்ளவே விரும்புவேன்" என்று சொல்வது எளிது. உறையைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் விரல் நின்றுவிடும். எனக்கும் அப்படித்தான் ஆகும்.


நீர்ச்சுழி எழுதியது:

விதைநெல், அது நோயைப் பற்றிய செய்தி. ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்டுச் சாகப் போகிறோம் என்பதை யார்தான் கேட்க விரும்புவார்? நான் கேட்பது இறக்கும் நாளை மட்டும்.

தெரியாமல் இருப்பது கருணை என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் மரண தண்டனைக் கைதிகளுக்குத் தூக்கிலிடும் நாளை முன்கூட்டியே சொல்வதில்லை. அன்று காலையில்தான் தெரிவிக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் தன் அறையைத் தாண்டிப் போகிறதா, நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது மனிதத் தன்மையற்றது என்று கைதிகள் இருவர் 2021இல் வழக்கே தொடுத்தார்கள். நாள் தெரியாமல் இருப்பது அவ்வளவு நல்லதென்றால் அவர்கள் ஏன் நீதிமன்றம் போக வேண்டும்?


தெளிநீர் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதற்கு நேர் எதிரான ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது.

1849 டிசம்பர் 22, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி. எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியை வேறு பல கைதிகளுடன் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரண தண்டனை உரக்க வாசிக்கப்பட்டது. முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள். அடுத்த மூவரில் அவர் ஒருவர். துப்பாக்கிகள் குறி பார்த்தபின் மன்னரின் ஆணை வந்தது: தண்டனை குறைக்கப்பட்டது, சைபீரியாவில் கடுங்காவல். எல்லாம் முன்பே திட்டமிட்ட நாடகம். அன்றே தன் அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. இதுவரை எவ்வளவு காலத்தை வீணாக்கிவிட்டேன், இனி புதிய மனிதனாக வாழ்வேன் என்ற துடிப்பு அதில் இருக்கிறது.

சரி, அப்படி வாழ்ந்தாரா? மகத்தான எழுத்தைத் தந்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் 1860களில் சூதாட்ட மேசையில் ஊர் ஊராக உட்கார்ந்து, மனைவியின் நகைகள் வரை அடகு வைத்துத் தோற்றவரும் அவரேதான். சாவின் முகத்தைச் சில நிமிடத் தொலைவில் பார்த்தவருக்கே அந்தத் தெளிவு ஆயுளுக்கும் நிற்கவில்லை. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. மனித மனம் எந்த உச்சியிலும் நெடுநேரம் தங்காது.

பொதுவாக இந்த விவாதங்களில் பண்டைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் வாதம் வந்துவிடும்: நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, பிறகு அஞ்ச என்ன இருக்கிறது? சிறுநீரகக் கல்லின் கடும் வலியில் இறந்துகொண்டிருந்தபோதும் அவர் நண்பருக்கு அமைதியாகக் கடிதம் எழுதினார். அவரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனக்கு அச்சம் வரும்போது இந்த வாதம் உதவியும் இருக்கிறது.


மூத்தவள் எழுதியது:

தெளிநீர், அந்த வாதம் இறப்பவருக்குப் பொருந்தும். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பொருந்தாது. நான் பக்கத்தில் நின்றவள். இதுவரை வாசித்ததில் எல்லோரும் "எனக்கு நாள் தெரிந்தால்" என்றே பேசுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி சாலை விபத்தில் தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டான். அவனுடைய கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கைப்பேசி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கைப்பேசித் திரை ஓர் ஓரத்தில் கீறியிருந்தது, மற்றபடி வேலை செய்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் உறைக்குள் வெளிச்சம் வந்து போகும். யாரோ அவனை எங்கோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கே இருக்கிறாய்?" "கிளம்பிவிட்டாயா?" எனக்குத் திறக்கத் தெரியாது. பதில் சொல்ல முடியாது.

மறுநாள் மருத்துவர் எங்களை ஒரு சிறிய அறைக்கு அழைத்தார். வென்டிலேட்டர் இல்லாமல் அவன் மூச்சு விட மாட்டான், மூளை திரும்பும் நம்பிக்கை இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்: "இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?"

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. முப்பத்திரண்டு வயதுக்காரனிடம் யார் அதைக் கேட்பார்கள்? அவனுக்குப் பிடித்த நிறம் தெரியும், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவான் என்று தெரியும். இது தெரியாது. அம்மா வென்டிலேட்டரை எடுக்கக் கூடாது என்றார். அப்பா எடுத்துவிடலாம் என்றார். உறுப்பு தானம் பற்றி இன்னொருவர் வந்து மெதுவாகக் கேட்டபோது இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று எடுத்த முடிவு அவன் விரும்பியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதே இல்லை.

நாள் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை, நீர்ச்சுழி. அவனுடைய ஒரு வாக்கியம் கையில் இருந்திருந்தால் போதும்.


கணக்கர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நெஞ்சு கனக்கிறது. முப்பத்திரண்டு வயதில் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு மிகச் சிறிய பின்னம் என்று ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள். ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் அதுதான். அந்தச் சிறிய பின்னத்துக்குள் இருப்பவர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் தம்பி தங்கைகள்.


உறக்கமில்லை எழுதியது:

மன்னியுங்கள், இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்க வேண்டும் போல் இருக்கிறது. எனக்கு இருபத்து நான்கு வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரவு படுத்தவுடன், ஒரு நாள் நான் இல்லாமல் போய்விடுவேன், அதன்பிறகு எப்போதும் இருக்க மாட்டேன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். மரணத்தை நினைத்தால் நன்றாக வாழ்வோம் என்கிறீர்கள். நான் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன், வாழ முடியவில்லை. மூத்தவள் அக்காவின் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து இதைக் கிளறுவதால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை.


இரவுப்பணி எழுதியது:

தம்பி அல்லது தங்கை, யாராக இருந்தாலும், முதலில் உங்களுக்கு. நீங்கள் சொல்வது பதற்றத் தாக்குதல் போல் தெரிகிறது. உங்கள் வயதில் இது பலருக்கு வருகிறது. வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்த இழையை இரவில் வாசிக்காதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செவிலி. குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். "இன்னும் எத்தனை நாள்?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். நோயாளிகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது வேறு: "வலிக்குமா?" "தனியாக இருப்பேனா?" "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

எத்தனை நாள் என்ற கேள்விக்கு மருத்துவர்கள் சொல்லும் பதிலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லமான்ட் இருவரும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. இறுதிநிலை நோயாளிகள் 468 பேரின் மீதி ஆயுளை அவர்களுடைய மருத்துவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். ஓரளவு சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு மதிப்பீடுதான். பெரும்பாலானவை உண்மையில் கிடைத்ததைவிட அதிக நாட்களைக் கூறின. நோயாளியை நீண்டகாலம் அறிந்த மருத்துவர்கள்தான் அதிகம் தவறினார்கள். அவர்களுக்கும் அந்த மனிதர் போகக் கூடாது என்ற ஆசை இருக்கும் அல்லவா!

கடைசி நாட்களுக்கு வந்துவிட்டால் எங்களுக்குச் சில அடையாளங்கள் தெரியும். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், நாளின் பெரும்பகுதி தூங்குவார்கள். பாதம் சில்லிடும். முழங்காலில் ஊதாத் திட்டுகள் வலைபோல் படரும். மூச்சு வேகமெடுத்து, மெல்ல மெல்ல ஆழம் குறைந்து, நின்றுவிடும். நாம் எழுந்து பக்கத்தில் போகும்போது மறுபடியும் ஒரு பெருமூச்சுடன் தொடங்கும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அது பார்ப்பவர்களைத்தான் வாட்டுகிறது, நோயாளி அதை உணரும் நிலையில் அநேகமாக இருப்பதில்லை. பெரும்பாலோர் ஆழ்ந்த மயக்கத்தில் போகிறார்கள். உறக்கமில்லை, நீங்கள் அஞ்சும் காட்சி வேறு எதுவாகவோ இருக்கலாம், நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

இவ்வளவு தெரிந்தும் அந்த மணி நேரத்தை எங்களால் சொல்ல முடிவதில்லை. மகள் இரண்டு நாள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முகம் கழுவ எழுந்து போன நேரத்தில் உயிர் பிரிந்துவிடும். "நான் போகாமல் இருந்திருக்க வேண்டும்" என்று அவர் சுவரில் சாய்ந்து அழுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நீங்கள் இரண்டு நாள் இருந்தீர்கள், அது அவருக்குக் கிடைத்தது என்று மட்டும் சொல்வேன். பேசுங்கள், கேட்கலாம் என்றும் நாங்கள் சொல்வதுண்டு. அது வெறும் ஆறுதல் அல்ல. 2020இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், அசைவற்ற நிலையில் கடைசி மணி நேரங்களில் இருந்த சில நோயாளிகளின் மூளை, கேட்ட ஒலிகளுக்குத் துலங்கியதை மூளை அலைப்பதிவு காட்டியது.


பாதிவழி எழுதியது:

இங்கே நாள் ஓரளவுக்குச் சொல்லப்பட்டவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

நோயின் பெயர் வேண்டாம். கண்டுபிடித்த அன்று மருத்துவர் ஓர் இடைநிலை மதிப்பைச் சொன்னார். அதாவது, நோயாளிகளில் பாதிப் பேர் அதற்குள் இறக்கிறார்கள். மீதிப் பாதி அதைத் தாண்டுகிறார்கள், எவ்வளவு தூரம் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. ஸ்டீவன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியல் அறிஞருக்கு 1982இல் வயிற்றில் ஓர் அரிய புற்றுநோய் வந்தது. அதன் இடைநிலை ஆயுள் எட்டு மாதம். புள்ளியியல் அறிந்தவர் என்பதால் அந்த எண்ணின் வலப்பக்கம் நீளும் வால், அதாவது அதைத் தாண்டி வாழ்பவர்களின் ஆயுள், எவ்வளவு நீளமானது என்று பார்த்தார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றிப் படித்த இரவுதான் நான் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். எனக்கும் அப்படி ஆகும் என்று நம்பியதால் அல்ல. எனக்குச் சொல்லப்பட்டது தீர்ப்பு அல்ல என்று புரிந்ததால்.

நீர்ச்சுழி, நாள் தெரிந்தால் முழுமையாக வாழ்வோம் என்கிறீர்கள். முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் முயன்றேன். ஒவ்வொரு மாலையும் கடைசி மாலை என்று பார்த்தால் எதையும் அனுபவிக்க முடியாது. பிள்ளையுடன் விளையாடும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள் என்று உள்ளே ஒரு குரல் விரட்டிக்கொண்டே இருக்கும். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. "ஏன் அப்பா இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். பிறகு தானாகவே சாதாரண நாட்கள் திரும்பின. கணினி மெதுவாக இயங்குகிறது என்று எரிச்சல்படுகிறேன், மனைவியுடன் அற்பத்துக்குச் சண்டை போடுகிறேன். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. தெளிநீர் சொன்ன சூதாட்ட மேசையைப் பற்றி எனக்கு வேறு கருத்து. அந்த மனிதருக்கு வாழ்க்கை உண்மையாகவே திரும்பக் கிடைத்துவிட்டது, அதனால்தான் வீணாக்கவும் முடிந்தது.

உங்கள் நண்பரின் அண்ணன் விஷயத்தில் உங்களுடன் உடன்படுகிறேன். நான் அப்படிப்பட்ட இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஒருவர் கட்டிக்கொண்டார். இன்னொருவர் கதவைத் திறக்கவில்லை. போனதில் வருத்தமில்லை.


நீர்ச்சுழி எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு திறந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிவழி, உங்கள் மகளின் கேள்வி என்னை விடவில்லை.

நண்பரின் அண்ணனுக்கு நேற்று தொலைபேசியில் பேசினேன். "ஒரு நாள் நேரில் வந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "எத்தனை முறை சொன்னான்?" என்று கேட்டார். பலமுறை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மூத்தவள் அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எப்படி எழுதி வைப்பது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

பல நாடுகளில் இதற்குச் சட்டம் இடம் தருகிறது, படிவமும் இருக்கிறது. உங்கள் நாட்டு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், சாட்சிக் கையெழுத்து தேவைப்படலாம். ஆனால் படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் பேச முடியாத நிலையில் உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் சொல்லுங்கள். மிக நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அழுதுகொண்டே இருந்தாலும் நீங்கள் சொன்னதை மாற்றாமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். சிலருக்கு அது கணவனோ மனைவியோ அல்ல, தங்கையாகவோ பழைய தோழராகவோ இருக்கும்.

எழுதும்போது "எந்த இயந்திரமும் வேண்டாம்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். நிமோனியாவுக்கு நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து நலமாக வீடு திரும்புபவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எந்த நிலையில் வாழ்வது ஏற்கத்தக்கது, எதற்கு மேல் தாங்காது என்று எழுதுங்கள். யாரையும் அடையாளம் தெரியாமல் போனால்? படுக்கையில்தான் இருக்க வேண்டும், ஆனால் பேச முடியும் என்றால்? மருத்துவர்களுக்கு அதுதான் உதவும். உறுப்பு தானம் பற்றியும் ஒரு வரி.


கணக்கர் எழுதியது:

நேற்று மாலை என் மனைவியிடம் இதைப் பேச்செடுத்தேன். இத்தனை ஆண்டுகள் சாவை எண்ணியே சம்பளம் வாங்கியிருக்கிறேன், வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தது இதுவே முதல்முறை. படுக்கையில் கிடந்தாலும் பேச முடிந்தால் வாழ விரும்புவேன் என்றேன். அவள், "எனக்கு அப்படி வேண்டாம்" என்றாள். எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நேர்மாறாகத்தான் நினைத்திருந்தேன். அவள் எனக்காகப் பேச மறுத்துவிட்டாள், தன்னால் முடியாதாம். மகளைச் சொல்லச் சொன்னாள். மகளிடம் இன்னும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். இன்று எழுதியதை நாளை மாற்றத் தோன்றினால் என்ன செய்வது?


மூத்தவள் எழுதியது:

மாற்றலாம் ஐயா. நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன். பழையதைக் கிழித்துவிட்டு, புதியதில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, உங்களுக்காகப் பேசப் போகிறவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் எண்ணையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.